பார்க்கத் தவறினார் என்று எழுதாதீர்கள்

இரண்டு சிறுவிமானங்கள் நடுவானில் மோதி விழுந்தால், சிதைவுகளை அள்ளி முடிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடுகிறது. வெளியே பார்த்துப் பறந்திருந்தால் இது நடந்திருக்காது என்கிறார்கள். பறப்புக் கழகங்களில் மூத்த விமானிகள் அப்படிச் சொல்கிறார்கள். பயிற்சியாளர்கள் அதையே மாணவர்களுக்குப் பாடமாக்குகிறார்கள். ஓராண்டோ ஈராண்டோ கழித்து வரும் விசாரணை அறிக்கையும் பெரும்பாலும் அதே வாக்கியத்தை அலுவல் நடையில் எழுதி முடிக்கிறது: மற்ற விமானத்தைப் பார்த்து விலகுவதில் விமானி தவறினார்.

இந்தத் தீர்ப்பு தவறு என்பதே என் வாதம். இதில் இறந்தவர்களுக்கு அநீதி இருக்கிறது. இன்னும் பறந்துகொண்டிருப்பவர்களுக்கு ஆபத்தும் இருக்கிறது. மனிதக் கண்ணால் செய்ய இயலாத ஒரு வேலையைச் சட்டமாக எழுதி வைத்துவிட்டு, அது இயலாமல் போகும்போதெல்லாம் கண்ணையே குற்றவாளியாக்குகிறோம். உண்மையான காரணங்கள் அப்படியே இருக்க, அடுத்த மோதலும் அதே போல நடக்கிறது.

சட்டம் சொல்வது இதுதான். வானிலை தெளிவாக இருந்து, கண்பார்வையை நம்பிப் பறக்கும்போது, மற்ற விமானங்களைப் பார்த்து விலக வேண்டியது விமானியின் கடமை. நேருக்கு நேர் வந்தால் இருவரும் வலப்பக்கம் திரும்ப வேண்டும். குறுக்கே வந்தால், யார் வலப்பக்கம் இருக்கிறாரோ அவருக்கே முன்னுரிமை. முந்திச் செல்பவர் வலப்பக்கமாக விலகிச் செல்ல வேண்டும். கப்பல்களின் வழிவிதிகளைத் தழுவி எழுதப்பட்ட விதிகள் இவை. இவை எல்லாவற்றுக்கும் அடியில் சொல்லப்படாத ஒரு முன்நிபந்தனை இருக்கிறது: மற்றவரை நீங்கள் முதலில் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவே முடியாவிட்டால் முன்னுரிமைக்கு என்ன பொருள்?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். செஸ்னா 172 உலகில் மிக அதிகமாகப் பறக்கும் சிறுவிமானங்களில் ஒன்று. ஒன்று கிழக்கிலிருந்தும் இன்னொன்று மேற்கிலிருந்தும் தலா 120 நாட் வேகத்தில் வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் நெருங்கும் வேகம் 240 நாட், அதாவது நொடிக்குச் சுமார் 123 மீட்டர். அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ, விமானிகளுக்கான தன் ஆலோசனைக் குறிப்பில் ஒரு பட்டியல் தருகிறது. ஒரு பொருளைக் கண்ணில் வாங்க 0.1 நொடி, அது விமானம் என்று உணர 1 நொடி, அது நம்மீது மோத வருகிறது என்று புரிய 5 நொடி, எந்தப் பக்கம் திரும்புவது என்று முடிவெடுக்க 4 நொடி, தசை இயங்க 0.4 நொடி, விமானம் அந்தக் கட்டளைக்கு அசைந்து கொடுக்க 2 நொடி. கூட்டினால் 12.5 நொடி. அந்த நேரத்தில் நம் இரண்டு செஸ்னாக்களும் ஒன்றரைக் கிலோமீட்டர் நெருங்கியிருக்கும்.

அப்படியானால் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பாலேயே எதிர் விமானம் கண்ணில் பட்டாக வேண்டும். எதிரிலிருந்து பார்த்தால் செஸ்னாவின் உடற்பகுதி ஒன்றரை மீட்டர் அளவுதான். இறக்கைகள் முனைக்கு முனை 11 மீட்டர் நீண்டாலும் முன்னாலிருந்து மெல்லிய கோடாகவே தெரியும். ஒன்றரைக் கிலோமீட்டரில் ஒன்றரை மீட்டர் என்பது, ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்த ஒரு கடுகைப் பார்ப்பதற்குச் சமம். அந்தக் கடுகை வெள்ளை மேசையில் யாரும் வைத்திருக்கவில்லை. வீடுகளும் வயல்களும் சாலைகளும் நிறைந்த பின்னணியில், வெயில் பட்டுப் பளபளக்கும் கண்ணாடி வழியே, அது எங்கே இருக்கிறது என்று தெரியாமலே தேட வேண்டும். ஒரு பொருள் ஓரளவு உறுதியாகக் கண்ணில் படக் குறைந்தது 0.2 பாகை அளவாவது விரிய வேண்டும் என்பது இத்துறையில் எடுத்தாளப்படும் ஒரு மதிப்பீடு. நம் செஸ்னாவின் உடல் அந்த அளவை எட்டும்போது இடைவெளி சுமார் 430 மீட்டர். மோதலுக்கு மிஞ்சியிருப்பது மூன்றரை நொடி. தேவையோ பன்னிரண்டரை நொடி.

கண்ணைச் சுழற்றிக்கொண்டே இருந்தால் பார்க்கலாம் என்று பதில் வரும். பயிற்சிப் பள்ளிகளில் சொல்லித்தரும் முறைப்படி வானத்தைப் பத்துப் பாகைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஒரு நொடியாவது கண்ணை நிறுத்த வேண்டும். பக்கவாட்டில் 180 பாகை, மேலும் கீழுமாக 30 பாகை என்று கொண்டால் 54 துண்டுகள். ஒரு சுற்று முடிய 54 நொடி. கருவிகளைப் பார்க்காமல், வரைபடத்தைத் தொடாமல், ரேடியோவில் பேசாமல், பக்கத்தில் இருப்பவருக்குப் பதில் சொல்லாமல் தேடினால்தான் இந்தக் கணக்கு. அந்த 54 நொடியில் நம் இரண்டு விமானங்களும் ஆறரைக் கிலோமீட்டருக்கு மேல் நெருங்கிவிடும். முதல் துண்டைப் பார்த்தபோது கண்ணுக்கே எட்டாதிருந்த விமானம், அந்தத் துண்டுக்குக் கண் திரும்பி வரும் முன்பே வந்து மோதிவிட முடியும்.

இயற்கையும் கண்ணுக்கு எதிராகவே நிற்கிறது. நேர்கோட்டில் சீரான வேகத்தில் வந்து மோதப்போகும் விமானம் கண்ணாடியில் நகர்வதே இல்லை. ஒரே இடத்தில் அசையாப் புள்ளியாக நிற்கும். கடைசி நொடிகளில்தான் சட்டென்று பெரிதாகும். மனிதக் கண்ணின் ஓரப் பார்வை அசைவதைத்தான் கண்டுபிடிக்கும். நம்மைக் கடந்து செல்லப்போகும் பாதிப்பில்லாத விமானம் நகர்கிறது, கண்ணில் படுகிறது. கொல்ல வருவது நகராமல் இருக்கிறது, தப்பிவிடுகிறது. தெளிவான வெற்று வானத்தைப் பார்க்கும்போது கண்ணின் குவியம் தானாகவே சில மீட்டர் தொலைவுக்குச் சுருங்கிவிடுகிறது. தொலைவில் இருப்பது மங்குகிறது. இது விமானியின் சோம்பல் அல்ல. எல்லா மனிதக் கண்களுக்கும் பொதுவான உடலியல்.

விமானத்தின் உடலே திரையாகிவிடுவது இன்னொரு தடை. செஸ்னாபோல மேலே இறக்கை வைத்த விமானத்தில், திரும்பும் பக்கத்து வானத்தை இறக்கை மூடுகிறது. பைப்பர் செரோக்கிபோலக் கீழே இறக்கை வைத்த விமானத்தில் கீழே இருப்பது தெரியாது. முதல் வகை கீழேயும் இரண்டாம் வகை மேலேயுமாக ஓடுபாதையை நோக்கி இறங்கும்போது மேலே இருப்பவருக்குக் கீழே பார்வையில்லை, கீழே இருப்பவருக்கு மேலே பார்வையில்லை. இருவரும் விழித்திருந்தே ஒருவர்மேல் ஒருவர் இறங்கலாம்.

பார்வையை நம்பச் சொல்பவர்கள் நேருக்கு நேர் மோதலையே மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். நடப்பது வேறு. அமெரிக்காவில் 1964 முதல் 1968 வரை நடந்த 105 வான்மோதல்களை ஆராய்ந்தபோது, 82 விழுக்காடு ஒன்றையொன்று முந்தும் கோணத்தில் நடந்தவை என்று தெரிந்தது. நேருக்கு நேர் மோதியவை 5 விழுக்காடு. 77 விழுக்காடு 3,000 அடியிலோ அதற்குக் கீழோ நடந்தன. 49 விழுக்காடு 500 அடியிலோ அதற்குக் கீழோ. வேகமான விமானம் மெதுவானதைப் பின்னாலிருந்து, மேலிருந்து, ஓடுபாதைக்கு அருகே வந்து மோதுகிறது. முதுகுக்குப் பின்னால் வருவதைப் பார்க்கத் தவறினார் என்று எந்த நியாயத்தில் எழுதுவது?

இவையெல்லாம் காகிதக் கணக்கு, அனுபவமுள்ளவர் கண்ணுக்குத் தெரியும் என்று சொல்வோர் உண்டு. 1978 செப்டம்பர் 25 அன்று அமெரிக்காவின் சான் டியேகோவில் நடந்ததை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். பிஎஸ்ஏ நிறுவனத்தின் போயிங் 727 இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் ஒரு செஸ்னா 172 இருக்கிறது என்று தரையிலிருந்து அறிவித்திருந்தார்கள். விமானி அறையில் பணியிலிருந்த மூவரோடு, பணியில் இல்லாத இன்னொரு கேப்டனும் அமர்ந்திருந்தார். செஸ்னாவைப் பார்த்தார்கள், பிறகு பார்வையிலிருந்து தவறவிட்டார்கள், கடந்துவிட்டோம் என்று எண்ணினார்கள். செஸ்னா அவர்களுக்கு முன்னால், கீழே இருந்தது. தரையில் இருந்த 7 பேரையும் சேர்த்து 144 பேர் இறந்தார்கள். இடம் சொல்லி, எச்சரிக்கை தந்து, பல ஜோடி அனுபவக் கண்கள் தேடியும் நடந்தது அது. ஞாயிற்றுக்கிழமை மதியம் தனியாகப் பறக்கும் ஓர் ஆசிரியரோ மருத்துவரோ, எச்சரிக்கை எதுவும் இல்லாமல், அவர்களைவிட நன்றாகப் பார்த்துவிட வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம்.

சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். எம்ஐடி பல்கலைக்கழகத்தின் லிங்கன் ஆய்வகம் நடத்திய பறப்புச் சோதனை ஒன்றில், முன்னறிவிப்பு இல்லாமல் இன்னொரு விமானத்தை அருகே வரவைத்தார்கள். 64 சந்திப்புகளில் 36இல் மட்டுமே விமானிகள் அதைக் கண்டார்கள். மீதமுள்ளவற்றில் அது வந்துபோனதே தெரியவில்லை. ஆஸ்திரேலிய விமானப் பாதுகாப்புப் புலனாய்வுப் பணியகம் 1991இல் வெளியிட்ட ஆய்வறிக்கை, பார்த்து விலகும் கொள்கையின் எல்லைகளை வரிசையாக எடுத்துச் சொன்னது. எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டால், தேடும் கண்ணின் திறன் எட்டு மடங்கு கூடுகிறது என்பதும் இந்த ஆய்வுகள் வழியாக நிறுவப்பட்டது. ஒரு நொடி எச்சரிக்கையோடு தேடுவது, எட்டு நொடி எச்சரிக்கையில்லாமல் தேடுவதற்குச் சமம். இது தெரிந்து முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இன்னும் பார்த்துப் பற என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பெரிய விமானங்கள் மோதியபோது நாம் இதைச் சொன்னதோடு நிறுத்தியதில்லை. 1956 ஜூன் 30 அன்று அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் மேலே, 21,000 அடி உயரத்தில், டிடபிள்யூஏ விமானமும் யுனைடெட் விமானமும் மோதி 128 பேர் இறந்தார்கள். அன்றும் சட்டம் விமானிகளின் கண்ணையே நம்பியிருந்தது. ஒருவரையொருவர் உரிய நேரத்தில் பார்க்கவில்லை என்றுதான் விசாரணையும் சொன்னது. ஆனால் நாடு அதோடு ஓயவில்லை. ராடார் வலைக்குப் பணம் ஒதுக்கியது. 1958இல் எஃப்ஏஏவையே உருவாக்கியது. 1986 ஆகஸ்ட் 31 அன்று கலிஃபோர்னியாவின் செரிட்டோஸில் ஏரோமெக்சிகோ டிசி-9 விமானத்தின்மேல் ஒரு சிறிய பைப்பர் மோதியது. தரையில் இறந்த 15 பேரோடு 82 உயிர்கள் போயின. ராடாருக்குத் தானாகப் பதில் அனுப்பும் கருவியான டிரான்ஸ்பாண்டர் பைப்பரில் இருந்தது, ஆனால் அது உயரத்தை அனுப்பும் வகையல்ல. அதற்குப் பிறகு பெரிய விமான நிலையங்களைச் சுற்றி 30 மைல் வட்டத்துக்குள் உயரம் சொல்லும் டிரான்ஸ்பாண்டரும், பயணிகள் விமானங்களில் டீகாஸ் எனும் மோதல் தவிர்ப்புக் கருவியும் கட்டாயமாயின.

நம் நாட்டிலும் அப்படித்தான். 1996 நவம்பர் 12 அன்று அரியானாவின் சார்க்கி தாத்ரி வானில் சவூதி விமானமும் கசகஸ்தான் விமானமும் மோதி 349 பேர் இறந்தார்கள். கசக் விமானம் தனக்கு அனுமதித்த உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணம் என்று நீதிபதி லஹோத்தி ஆணையம் கண்டது. அத்தோடு கோப்பை மூடிவிடவில்லை. தில்லிக்கு வருபவற்றுக்கும் அங்கிருந்து புறப்படுபவற்றுக்கும் தனித்தனி வழிகள் வந்தன; மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமானது.

பயணச்சீட்டு வாங்கியவர்கள் இறந்தால் அமைப்பை மாற்றுகிறோம். சொந்த விமானத்தில் பறப்பவரும் பயிற்சி மாணவரும் இறந்தால், பார்த்திருக்க வேண்டும் என்கிறோம். இந்த இரட்டை அளவுகோலைத்தான் நான் எதிர்க்கிறேன்.

வானம் பெரியது, மோதல் அரிது, இதற்கு ஏன் இவ்வளவு கூச்சல் என்பது அடுத்த வாதம். அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பயணிகள் சேவையும் ராணுவமும் சாராத சுமார் 2 லட்சம் விமானங்கள் உள்ள அமெரிக்காவில் வான்மோதல் விபத்துகளில் ஒரு சிறு பங்குதான். ஆனால் அது அரிதாக இருப்பது கண் காப்பாற்றுவதால் அல்ல. பெரும்பாலான இடங்களில் பெரும்பாலான நேரம் விமானங்கள் குறைவாக இருப்பதால். விமானங்கள் வானமெங்கும் சமமாகச் சிதறிப் பறப்பதில்லை. ஒரே ஓடுபாதை, ஒரே கணவாய், ஒரே பயிற்சிப் பகுதி, வழிகாட்டு நிலையம் ஒன்றின் உச்சி, ஒரே முழு எண் உயரம் என்று குவிகின்றன. வார இறுதியின் நல்ல வெயில் நாளில், கட்டுப்பாட்டுக் கோபுரமில்லாத விமானத்தளத்தைச் சுற்றிய சில மைல்கள்தான் உண்மையான வானம். ஜிபிஎஸ் வந்த பிறகு இது கூடியிருக்கிறது. முன்பு வழிகாட்டும் கருவிகளின் பிழையால் விமானங்கள் தற்செயலாகவே இடவலமாக விலகிப் பறந்தன. இன்று இரண்டு ஊர்களுக்கு இடையே எல்லோரும் ஒரே கோட்டில், சில மீட்டர் துல்லியத்தில் பறக்கிறார்கள். இந்தத் துல்லியமே இன்று அவர்களை ஒரே புள்ளிக்குக் கொண்டு வருகிறது.

பார்க்கத் தவறினார் என்ற தீர்ப்பு எதை மறைக்கிறது என்பதற்கு வாட்சன்வில் ஒரு சான்று. 2022 ஆகஸ்ட் 18 அன்று கலிஃபோர்னியாவின் அந்தச் சிறிய விமானத்தளத்தில், இறங்குவதற்காக ஓடுபாதையைச் சுற்றிப் பறக்கும் வழக்கமான சுற்றில் ஒரு செஸ்னா 152 பறந்துகொண்டிருந்தது. இரட்டை எஞ்சின் செஸ்னா 340 ஒன்று சுற்றில் சேராமல் நேராக ஓடுபாதையை நோக்கி வந்தது, சுமார் 180 நாட் வேகத்தில். அங்கே கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லை. ஆனால் இருவரும் ரேடியோவில் தாங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். பின்னால் மிக வேகமாக வருவதை உணர்ந்த சிறிய விமானத்தின் விமானி, இறங்காமல் மேலேறிவிடுவதாக அறிவித்தார். அதற்குள் மோதிவிட்டது, மூவர் இறந்தார்கள். பெரிய விமானத்தின் விமானி பார்த்து விலகத் தவறியதையே விசாரணை முதன்மைக் காரணமாக்கியது.

அங்கே கொன்றது வேகம் என்பேன். இறங்கும் விமானம் ஒன்றுக்குத் தேவையில்லாத வேகத்தில், மெதுவான பயிற்சி விமானங்கள் சுற்றும் இடத்துக்குள் ஒருவர் நேராக வருகிறார். இதைச் சட்டம் தடுக்கவில்லை. அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டு விமானத்தளங்கள் சுமார் 5,000. கட்டுப்பாட்டுக் கோபுரம் இருப்பவை அவற்றில் சுமார் 500 மட்டுமே. கோபுரமுள்ள தளங்களை ஒட்டிப் பறப்பவர்களுக்கு 200 நாட் வரம்பு உண்டு. கோபுரமில்லாத இடங்களில் 10,000 அடிக்குக் கீழே பொதுவாக உள்ள 250 நாட் வரம்பு மட்டுந்தான் சட்டம்; மற்றதெல்லாம் பரிந்துரை. பல இடங்களில் ரேடியோ வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஒழுங்கு மிகக் குறைவாக உள்ள இடத்தில்தான் விமானங்கள் மிக நெருக்கமாகப் பறக்கின்றன. இதைக் கேள்வி கேட்காமல் விழியைக் கேள்வி கேட்பது விசாரணையாகாது.

கருவிதான் வந்துவிட்டதே, இனி என்ன கவலை என்பவர்களையும் மறுக்கிறேன். 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவின் குறிப்பிட்ட வான்பகுதிகளில் ஏடிஎஸ்-பி கட்டாயம். ஒவ்வொரு விமானமும் தன் இடம், உயரம், வேகத்தை நொடிக்கு நொடி ஒலிபரப்புவதே ஏடிஎஸ்-பி. மற்றவர்களின் ஒலிபரப்பைக் கேட்டுத் திரையில் காட்டும் கருவியும் உண்டு, அது கட்டாயமில்லை. ஆகவே எல்லோரும் பேச வேண்டும், யாரும் கேட்க வேண்டியதில்லை என்பதுதான் இன்றைய விதி. பேசுவதும் எல்லோரும் அல்ல. கிளைடர், பலூன், மின்னாக்கி இல்லாத பழைய விமானங்களுக்கு விலக்கு. கிராமப்புற வானத்தின் பெரும்பகுதியில் யாருக்குமே கட்டாயமில்லை. 978 மெகாஹெர்ட்ஸ், 1090 மெகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசைகள் வேறு. இரண்டையும் கேட்கும் கருவி இல்லாவிட்டால், ஒன்றில் பேசுபவரை இன்னொன்றில் கேட்பவருக்குத் தரைநிலையம் எடுத்துச் சொல்ல வேண்டும். மலைகளுக்கு நடுவே தாழப் பறக்கும்போது தரைநிலையம் எட்டாது.

இந்த ஓட்டைகளின் விளைவு 2019 மே 13 அன்று அலாஸ்காவின் கெட்சிகன் அருகே தெரிந்தது. சுற்றுலாப் பயணிகளோடு பறந்த பீவர், ஆட்டர் எனும் இரண்டு மிதவை விமானங்கள் 3,350 அடி உயரத்தில் மோதின. ஆறு பேர் இறந்தார்கள். இரண்டிலும் கருவிகள் இருந்தன. ஆட்டரின் கருவி உயரத்தை ஒலிபரப்பாததால் பீவரில் எச்சரிக்கை எழவில்லை. ஆட்டரில் இருந்த திரையோ ஒலியெழுப்பி எச்சரிக்கும் வசதி இல்லாதது. ஆட்டரின் விமானி மோதலுக்குச் சில நிமிடங்களுக்கு முன் திரையைப் பார்த்திருந்தார், அப்போது ஆபத்தில்லை. விமானிகள் இருக்கையிலிருந்து எதைப் பார்க்க முடிந்தது என்று அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கணித்துப் பார்த்தது. விமானத்தின் பாகங்களே பார்வையை மறைத்திருந்தன. இந்த முறை அந்த வாரியம் நேர்மையாக எழுதியது: பார்த்து விலகும் முறைக்கே இயல்பாக உள்ள எல்லைகளும், எச்சரிக்கை எழாததும்தான் காரணங்கள். எல்லா அறிக்கைகளும் இந்த வழியில் எழுதப்பட வேண்டும்.

திரை வந்தால் விமானிகள் தலையைக் குனிந்துகொள்வார்கள், வெளியே பார்க்க மாட்டார்கள் என்று அஞ்சுகிறார்கள். நியாயமான அச்சம். அதற்குப் பதில் திரையை எடுத்துவிடுவதல்ல, காதுக்குப் பேசவைப்பது. எந்தத் திசையில், மேலேயா கீழேயா, எவ்வளவு தொலைவில் என்று ஹெட்செட்டில் ஒரு குரல் சொன்னால், தலை நிமிரும். கண் அந்த இடத்துக்குப் போகும். எட்டு மடங்கு திறன் கூடுவது அப்போதுதான். ஐரோப்பாவின் கிளைடர் விமானிகள் 2004இல் வந்த ஃபிளார்ம் எனும் சிறு கருவியை யாரும் வற்புறுத்தாமலே பெருவாரியாக ஏற்றுக்கொண்டார்கள். மேகத்தடியின் ஒரே எழுகாற்றில் பலர் சேர்ந்து சுழலும்போது கண் போதாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

செலவையும் சுதந்திரத்தையும் காட்டி மறுப்பவர்கள் உண்டு. பழைய விமானம் ஒன்றை அரும்பாடுபட்டு வைத்திருப்பவருக்குச் சில ஆயிரம் டாலர் பாரம்தான். அந்தப் பாரத்தை அரசு பகிர வேண்டும். 2016இல் எஃப்ஏஏ தகுதியுள்ள சிறுவிமான உரிமையாளர்களுக்கு 500 டாலர் தள்ளுபடி தந்தது. பிரிட்டனும் பின்னர் இத்தகைய கருவிகளுக்கு விலையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது. ஒலிபரப்பும் தகவலை வைத்து இறங்கு கட்டணம் வசூலிப்பார்கள், அபராதம் போடுவார்கள் என்ற அச்சமும் உண்மையானது. உயிர்காக்கத் தரும் தகவலை வசூலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டம் எழுதிவிடலாம். ஆனால் என்னை யாரும் பார்க்கக் கூடாது என்பதை உரிமையாக ஏற்க முடியாது. 2006 ஆகஸ்ட் 28 அன்று நெவாடாவின் மிண்டன் அருகே ஒரு ஹாக்கர் ஜெட் ஒரு கிளைடர்மேல் மோதியது. கிளைடரில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. மின்கலத்தைச் சேமிக்க அணைத்து வைக்கப்பட்டிருந்தது. கிளைடர் விமானி பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். ஜெட்டும் தட்டுத்தடுமாறித் தரையிறங்கியது. அணைத்து வைத்தவர் ஒருவர். ஜெட்டில் இருந்தவர்கள் வேறு.

கண் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பறவைக்கு டிரான்ஸ்பாண்டர் இல்லை. கருவி பழுதாகும், மின்கலம் தீரும். கண்ணைக் கடைசி அரணாக வையுங்கள், முதல் அரணாக வைக்காதீர்கள் என்கிறேன். முதல் அரண் எங்கே பறப்பது என்ற முடிவு. தரைக்கு மேல் 3,000 அடியைத் தாண்டினால் திசைக்கேற்ற உயரம் பிடிப்பது சட்டமே. அதற்குக் கீழேயும் எல்லோரும் பிடிக்கும் முழு எண் உயரத்தைத் தவிர்க்கலாம். ஜிபிஎஸ் கோட்டிலிருந்து அரை மைல் வலப்பக்கம் விலகிப் பறக்கலாம். வழிகாட்டு நிலையங்களின் உச்சியைச் சுற்றிப் போகலாம். இரண்டாவது, தளத்துக்கு வரும் விதம். சுற்றுக்கு வெளியிலேயே அதன் உயரத்துக்கு இறங்கி, வேகத்தைக் குறைத்து, எல்லோரும் எதிர்பார்க்கும் இடத்தில் சேர வேண்டும். சுற்றுக்குள் இறங்கிக்கொண்டே நுழைவது இன்னொருவர் தலைமேல் இறங்குவதாகிவிடும். மூன்றாவது ரேடியோ: பத்து மைலுக்கு முன்பே இடம், உயரம், நோக்கம் மூன்றையும் சொல்ல வேண்டும்; பேசுவதைவிட அதிகம் கேட்க வேண்டும். நான்காவது, பேசவும் கேட்கவும் குரல் கொடுக்கவும் தெரிந்த கருவி. ஐந்தாவதுதான் கண். ஏறும்போது மூக்கை இடவலமாகத் திருப்பி முன்னால் மறைந்திருப்பதைப் பார்ப்பது, திரும்புமுன் இறக்கையைத் தூக்கிப் பார்ப்பது, விளக்குகளை எரியவிடுவது எல்லாம் அதற்குத் துணை.

ஆகவே ஒழுங்குமுறை அமைப்புகளிடம் கேட்க வேண்டியவை தெளிவானவை. கோபுரமில்லாத தளங்களின் சுற்றுக்குள் வேகவரம்பைச் சட்டமாக்குங்கள். ரேடியோவைக் கட்டாயமாக்குங்கள். மின்னாக்கி உள்ள ஒவ்வொரு விமானமும் தன்னை அறிவிக்கவும் மற்றவரைக் கேட்கவும் வேண்டும் என்று எழுதுங்கள். இல்லாதவற்றுக்கு மின்கலத்தில் ஓடும் சிறு கருவிக்கு வழி செய்யுங்கள். விலக்குகளைப் படிப்படியாக முடியுங்கள். 2025 ஜனவரி 29 அன்று வாஷிங்டனில் ஒரு பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்கள். எதிரே வரும் விமானம் கண்ணில் தெரிகிறது, பார்த்து விலகிக்கொள்கிறோம் என்று ஹெலிகாப்டர் குழுவினர் சொல்லியிருந்தார்கள். அந்த ஹெலிகாப்டர் ஏடிஎஸ்-பி ஒலிபரப்பவில்லை. இத்தனை பாடத்துக்குப் பிறகும் தலைநகரின் வானில்கூட நாம் கண்ணையே நம்பியிருந்தோம்.

தமிழ் வாசகருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். விமானி உரிமம் பெற இந்தியாவிலிருந்து ஏராளமான இளைஞர்கள் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் போகிறார்கள். அவர்கள் முதல் நூறு, இருநூறு மணி நேரத்தைக் கழிப்பது இந்தச் சிறுவிமானங்களில், இந்த நெரிசலான சுற்றுகளில்தான். 2025 ஜூலை 8 அன்று கனடாவின் மானிடோபா மாகாணத்தில் ஸ்டைன்பாக் அருகே இரண்டு பயிற்சி செஸ்னாக்கள் மோதி இரண்டு மாணவர்கள் இறந்தார்கள். ஒருவர் கனடியர், மற்றவர் கேரளத்திலிருந்து படிக்கச் சென்றவர்.

பிள்ளையை அனுப்பும் பெற்றோரும், புறப்படும் மாணவரும், கட்டணம் எவ்வளவு, உரிமம் எத்தனை மாதத்தில் என்று மட்டும் கேட்டு நிறுத்த வேண்டாம். உங்கள் பள்ளியின் ஒவ்வொரு விமானத்திலும் அருகில் வரும் விமானத்தைக் குரலில் எச்சரிக்கும் கருவி இருக்கிறதா, ஒரே நேரத்தில் ஒரு சுற்றில் எத்தனை விமானங்களை விடுகிறீர்கள், பயிற்சிப் பகுதியில் உயரங்களை எப்படிப் பிரித்துக் கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். எங்கள் மாணவர்களுக்கு நன்றாகப் பார்த்துப் பறக்கச் சொல்லிக் கொடுக்கிறோம் என்பது மட்டுமே பதிலாக வந்தால், வேறு பள்ளியைத் தேடுங்கள்.